இருபத்து மூன்று வாழ்த்துகளும் ஒரு வெள்ளி அகப்பையும்

அத்தியாயம் 6

ஒரு வாரச் சுற்றுலாவின் ஆறாம் நாள் காலைக்குள் அந்தப் பதினோரு வெளிநாட்டுக்காரர்களும் ஒன்பது தேவாலயம், இரண்டு கோட்டை, ஒரு குகை நகரம் பார்த்து முடித்திருந்தார்கள். எந்தப் பெயரும் யாருக்கும் ஞாபகமில்லை. நடுநடுவே பதினான்கு மது நிலவறைகளுக்கும் போயிருந்தார்கள். அந்தப் பெயர்களும் ஞாபகமில்லை, ஆனால் அதற்குக் காரணம் வேறு.

இன்றைக்கு அவர்கள் பார்க்க வேண்டியது அலாவெர்தி தேவாலயம். அதற்குப் பதிலாக, தெலாவி நகரத்துக்குப் பக்கத்தில் ரமாஸ் என்பவரின் வீட்டு முற்றத்தில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு திருட்டு விசாரணையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயணத் திட்டத்தில் இல்லாத நிகழ்ச்சி, தனிக் கட்டணமும் கிடையாது. எல்லோரும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்கள்.

காரை விட்டு இறங்கிய ஸாஸாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தலைநகர் டிபிலிசியிலிருந்து கொம்போரி மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய கார், ஸ்டீயரிங் வலது பக்கம். இந்த நாட்டில் வண்டி ஓடுவதும் வலது பக்கம். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால், இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் எதெரி எட்டிப் பார்த்து "போ" என்று சொல்ல வேண்டும். எதெரி அவனுடைய முன்னாள் மாமியார். இருபத்தாறு வருடம் போலீஸில் இருந்துவிட்டு, ஒரு ரொட்டிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். மகள் ஸாஸாவை விவாகரத்து செய்து நான்கு வருடமாகிறது. நம்பகமான டிரைவர் கிடைப்பது கஷ்டம் என்பதால் தாய் இன்னும் செய்யவில்லை.

"வழியில மூணு தடவை 'போ'ன்னீங்க அத்தை. மூணு தடவையும் எதிர்ல பஸ் வந்துச்சு."

"நீ உயிரோடதான இருக்கே?"

"அதைச் சொல்லும்போது உங்க குரல் ஏன் இறங்குது?"

எதெரி வாசலைப் பார்த்தாள். சுற்றுலா வழிகாட்டி தேயா அங்கே நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்து முகம் கழுவி, மறுபடியும் அழுத முகம். காலையில் எதெரிக்குப் போன் செய்து கூப்பிட்டது அவள்தான்.

நடந்ததை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். நேற்று ராத்திரி இந்த வீட்டில் விருந்து. ரமாஸ்தான் பந்தித் தலைவர், அதாவது தமதா; ஒவ்வொரு வாழ்த்தாக எழுந்து சொல்லிக் குடிக்கவைப்பவர். அவர் குடித்தது ஒரு வெள்ளி அகப்பையில். நீளக் கைப்பிடி, முந்நூறு வருடப் பழசு, அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா வைத்திருந்தது. சுற்றுலாக் கம்பெனியின் விளம்பரத் தாளில்கூட அதன் படம் இருக்கிறது. பந்தி முடிந்ததும் சிவப்புத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். காலையில் அலமாரி காலி. சிவப்புத் துணி மட்டும் தேயாவின் பைக்குள் இருந்தது.

"நான் அதைத் தொட்டது ஒரே ஒரு தடவைதான் அக்கா. எல்லாரும் போட்டோ எடுக்கறதுக்காகத் தூக்கிப் பிடிச்சேன். கம்பெனியில அதுக்குள்ள போன் பண்ணிட்டாங்க. போலீஸ்ல எழுதிட்டா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனாக்கூடப் பரவாயில்ல, இந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் எனக்கு இனிமே கதவு திறக்க மாட்டாங்க. பத்து வருஷமா ஒவ்வொரு கதவா தட்டித் திறந்தது அக்கா."

"போலீஸுக்கு எப்ப சொல்லப் போறாராம்?"

"மூணு மணிக்கு பஸ் கிளம்பினதும். விருந்தாளிங்க இருக்கும்போது வீட்டுக்குள்ள போலீஸ் வந்தா அசிங்கமாம்."

ரமாஸ் வந்தார். ஆறடி உயரம், வெள்ளை மீசை. காலை வணக்கத்தையே ஒரு சொற்பொழிவு மாதிரி சொல்கிற குரல். எதெரியின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஸாஸாவின் தோளில் தட்டி, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டு, எதெரி ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதைக் கேள்விப்பட்டு மனமார வருந்தினார். அதற்குப் பிறகுதான் திருட்டுக்கு வந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் தங்கச்சி. என் விருந்தாளிங்க பையை யாரும் தொடக்கூடாது. இந்த வீட்டுல அது நடந்ததே இல்ல."

"தேயா பையைத் தொட்டீங்களே அண்ணே?"

"அவ எங்க விருந்தாளி? சம்பளத்துக்கு வந்தவ."

"ஓ, அப்ப பண்பாட்டுல அவளுக்கு இடமில்ல," என்றான் ஸாஸா. "பண்பாட்டுச் சுற்றுலாவ நடத்துறது மட்டும் அவ வேலை."

ரமாஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை அவன் தோளில் தட்டினார்.

பதினோரு பேரில் லூட்விக் என்ற ஆஸ்திரியாக்காரர் மேல்தான் ஸாஸாவுக்குச் சந்தேகம் வந்தது. மனிதர் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய வெள்ளிச் சாமான்களைப் பராமரிப்பவர். நேற்றுப் பந்தி முடியும்போது, "நாளைக்குக் காலை வெயிலில் அகப்பையை லென்ஸ் வைத்துப் பார்க்கலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். ரமாஸும் நெஞ்சில் கை வைத்துச் சம்மதித்திருக்கிறார்.

"வெள்ளியைப் பத்தித் தெரிஞ்சவன், பெட்டியில லென்ஸோட வந்திருக்கான். இதுக்கு மேல என்ன வேணும் அத்தை?"

"திருடப் போறவன் முந்தின நாள் எல்லார் முன்னாடியும் அனுமதி கேப்பானா?"

"ஆஸ்திரியாக்காரன் கேப்பான். அங்கெல்லாம் எல்லாத்துக்கும் முன்பதிவு உண்டு."

எதெரி அவனை ஹில்கே என்ற டச்சுக்காரியிடம் அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நேற்று ராத்திரி எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது இந்த அம்மாள் மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாராம். ஜெர்மனியில் மூன்று கோடை ஸ்ட்ராபெர்ரி பறித்துக் கற்ற ஜெர்மன் மொழியில் ஸாஸா அவரோடு பேசினான். பழம், கூடை, சம்பளம், முதுகுவலி ஆகியவற்றுக்கு வெளியே அந்த மொழி தள்ளாடியது. ஆனால் நோட்டைக் கொடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு இருந்தது.

நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். எத்தனையாவது வாழ்த்து, யாருக்கு, எதில் குடித்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று. பட்டியலுக்கு மேலே தனியாக ஒரு வரி: விருந்துக்கு முன், வெளியே, பஸ் டிரைவர் மாமுக்கா, பீர், ரமாஸின் நலனுக்காக. பக்கத்தில், "மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது."

ஸாஸா படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். இந்த ஊரில் நலனுக்காகக் குடிப்பது மதுவில். பீர் கிளாஸைத் தூக்கி ஒருவன் பெயரைச் சொன்னால், அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று அர்த்தம். அந்த அம்மாள் பாவம், நெகிழ்ந்திருக்கிறார்.

"ஆள் கிடைச்சாச்சு அத்தை. எழுத்து மூலமா சாட்சியும் இருக்கு."

மாமுக்கா பஸ்ஸுக்கு அடியில் நிழல் தேடிப் படுத்திருந்தான். நலிந்த மனிதன், கொழுத்த கோபம்.

"ஆமா, பீர்ல வாழ்த்தினேன். வேணும்னா இப்பவும் வாழ்த்துறேன். எனக்கு எங்க படுக்கை போட்டாரு தெரியுமா? கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல. விடியற வரைக்கும் ஒரு சேவல் என் காதுலயே கத்திச்சு."

"அதுக்காக அகப்பைய எடுத்தியா?" என்றாள் எதெரி.

"எடுக்கறவன் சத்தம் போட்டு வாழ்த்திட்டா எடுப்பான்? நான் சேவலையே விட்டுட்டு வந்திருக்கேன் அக்கா, அதுலேர்ந்தே என் குணம் தெரியலையா?" அவன் எழுந்து உட்கார்ந்து கொட்டகைப் பக்கம் கையை நீட்டினான். "பஸ்ஸ அந்த நிழல்ல போட விடல. அங்க புது டிராக்டர் நிக்குதாம். ரெண்டு வருஷமா ஆலங்கட்டி மழை இவர் தோட்டத்துல ஒரு கொத்து விடாம அடிச்சுட்டுப் போச்சு. அந்த மழையிலயே டிராக்டரும் விழுந்துச்சு போல."

எதெரி டிராக்டரைப் பார்த்தாள். நன்றாகத் துடைத்து, சக்கரத்தில்கூட மண் இல்லாமல் நின்றது.

"இவன் இல்ல," என்றாள் திரும்பி நடந்துகொண்டே. "இவன் கோபம் அந்த பீரோட தீர்ந்துபோச்சு. அந்த நோட்டக் குடு."

பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். அமைதிக்காக, அகப்பை. நாட்டுக்காக, அகப்பை. வந்த விருந்தினருக்காக, அகப்பை. பெண்களுக்காக, அகப்பை. ஏழாவது, இறந்துபோனவர்களுக்காக. அங்கே மட்டும் "மண்கிண்ணம்" என்று எழுதியிருந்தது. எட்டாவது குழந்தைகளுக்காக, மறுபடி அகப்பை. அங்கிருந்து இருபத்து மூன்று வரைக்கும் அகப்பைதான். லூட்விக்கின் லென்ஸின் நலனுக்காக ஒன்று, மாமுக்காவின் பஸ் டயர்களுக்காக ஒன்று என்று கடைசி வாழ்த்துகளின் தரம் எப்படி இருந்தாலும் பாத்திரம் வெள்ளிதான்.

ஹில்கே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஏழாவதுல ஏன் பாத்திரத்த மாத்தினாங்க, அது உங்க வழக்கமான்னு கேக்கறாங்க," என்றான் ஸாஸா. "கணக்கு டீச்சராச்சே. வரிசையில ஒண்ணு உதைச்சா தூக்கம் வராது."

எதெரி நோட்டை மூடினாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தை ஸாஸா இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். ஒன்று, ஒரு கொலை வழக்கில். இன்னொன்று, அவன் பெண் கேட்டு வந்த அன்று.

"அந்தம்மாவுக்கு என் சார்பா நன்றி சொல்லு. ரமாஸ் எங்க?"

ரமாஸ் வீட்டுக்குப் பின்னால் நிலவறையில் இருந்தார். தரையில் வரிசையாகப் புதைத்த தாழிகளின் வாய்கள் மட்டும் தெரிந்தன. மூடி போட்டு, மேலே களிமண் பூசியவை. ஒன்றைத் திறந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மது மொண்டுகொண்டிருந்தார். ஸாஸா வாசலில் நிற்க, எதெரி படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க அண்ணே."

"மாத்திரை?"

"ஒரு தடவை கோவிச்சுக்காது. உங்களுக்கும் ஊத்திக்குங்க. உங்க அப்பா பேரு என்ன?"

"வானோ." அவர் முகம் இளகியது. "இந்தத் தாழி அவர் புதைச்சது."

"அப்ப வானோ அண்ணனுக்காகக் குடிப்போம். நீங்கதான் வாழ்த்து சொல்லணும். பெருசா வேண்டாம், ஒரு வரி போதும். 'அப்பா, உன் அகப்பைய தேயாங்கற பொண்ணு திருடிட்டா.' அவ்வளவுதான். சொல்லி ஒரே மடக்குல குடிச்சிடுங்க. நான் இப்பவே கார்ல ஏறிப் போயிடறேன்."

ரமாஸ் அவளுக்கு ஒன்று ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கிண்ணத்தை உயர்த்தினார். பக்கத்திலிருந்த ரொட்டித் துண்டில் செத்தவர்களுக்கான இரண்டு சொட்டு ஊற்றினார். வாயைத் திறந்தார். இருபத்து மூன்று வாழ்த்துகளைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன வாய்தான் அது. இப்போது அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஸாஸா மனத்துக்குள் இருபது வரை எண்ணினான். கிண்ணம் மெதுவாகக் கீழே இறங்கியது.

"நேத்தும் இப்படித்தான அண்ணே?" என்றாள் எதெரி. "எல்லா வாழ்த்துக்கும் அகப்பை. ஏழாவதுக்கு மட்டும் மண்கிண்ணம். எந்த வீட்டுலயும் இது தலைகீழால்ல இருக்கும். பாட்டன் பாத்திரம் அலமாரியிலேர்ந்து இறங்கறதே அந்த ஒரு வாழ்த்துக்காகத்தான். போலி வெள்ளியில உலகத்துக்கே வாழ்த்து சொல்லிட்டீங்க. அப்பாவுக்குன்னு வந்ததும் கை போகல."

ஸாஸாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. சுற்றுலாக்காரன், கம்பெனி, போலீஸ், ஏன், கடவுளிடம்கூட இந்த மனிதர் பொய் சொல்லிவிடுவார். செத்துப்போன அப்பாவிடம் மட்டும், அதுவும் கையில் கிண்ணத்தோடு, சொல்ல மாட்டார். இப்படி ஒரு தப்பைச் செய்து மாட்டிக்கொள்ள இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.

ரமாஸ் தாழியின் விளிம்பில் உட்கார்ந்தார். அசல் போய் ஒரு வருடமாகிறது என்றார். டிபிலிசியில் ஒருவன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டான், போலியைச் செய்து கொடுத்ததும் அவனே. இரண்டு வருடம் அறுவடை இல்லை, கொடியை விற்பதா, வெள்ளியை விற்பதா? கொடியை விற்க மனம் வரவில்லை. போலி இப்போது வரிசையின் கடைசித் தாழிக்குள் கிடக்கிறது, காலித் தாழி. அந்த ஆஸ்திரியாக்காரர் லென்ஸோடு வராமல் இருந்திருந்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

"தேயா பையில எதுக்குத் துணிய வச்சீங்க?"

"விருந்தாளிங்க மேல சந்தேகம் விழக்கூடாதுல்ல," என்றார் ரமாஸ். அவர் அதை உண்மையாகவே நம்பிச் சொன்னதுதான் ஸாஸாவுக்குத் தாங்க முடியவில்லை. "சின்னப் பொண்ணு. அவளுக்கு எங்கயாவது வேற வேலை கிடைச்சிடும்."

"உபசரிப்புன்னா இதுதான் மாமா," என்றான் ஸாஸா. "யாரோ ஒருத்தர் கழுத்த அறுத்தாவது விருந்தாளிய சந்தோஷமா வச்சுக்கணும்."

ரமாஸ் அவனைப் பார்க்காமல் எதெரியிடம் திரும்பினார். "இப்ப என்ன? அகப்பை கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடறேன். அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சு. எல்லாரும் கைதட்டிட்டு பஸ் ஏறிடுவாங்க."

"லூட்விக் லென்ஸ எடுப்பாரு."

"அவருக்கு நாலு கிண்ணம் ஊத்திடலாம்."

"சரி, ஊத்துங்க. தேயாவுக்கு எதை ஊத்துவீங்க? கிடைச்சிடுச்சுன்னா, பயந்துபோய் திருப்பி வச்சுட்டான்னுதான் இந்தப் பள்ளத்தாக்கு பூரா பேசும். அவ பையில துணி இருந்தத எல்லாரும் பாத்தாச்சு." எதெரி எழுந்து, தான் தொடாத கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு மத்தியானம் பந்தியில ஏழாவது வாழ்த்துக்கு எழுந்திருப்பீங்க. உங்க அப்பாவுக்குத்தான் சொல்லணும். உள்ளத எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க. அங்க நீங்க பொய் சொன்னா நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். நீங்களே பாத்துக்குவீங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு மேஜை நிரம்பியது. சுட்ட இறைச்சி, பாலாடைக்கட்டி, வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய், ஒரு முழம் நீள ரொட்டி. விருந்தினர்கள் திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்திய வால்நட் சரமான சுர்ச்கேலாவை ஆளுக்கு ஒரு மூட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். தேயா மேஜை ஓரத்தில் நின்றாள். திருடியாக இருந்தாலும் மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. அவள் கையில் சாப்பாட்டுத் தட்டு இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. ஸாஸா தன் தட்டை அவளிடம் நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா அத்தை?"

"இல்ல. அவர் வாயாலயே கேக்கட்டும்."

"கிழவன் பல்டி அடிச்சா?"

"அப்ப நான் தோத்தேன். அவ வாழ்க்கை போச்சு. பேசாம சாப்பிடு."

எதெரி மேஜைக்கு அடியில் ஒரு ரொட்டித் துண்டைப் பொடிப்பொடியாக உதிர்த்துக்கொண்டிருந்ததை ஸாஸா பார்த்துவிட்டான். கிண்டல் அடிக்க நல்ல சந்தர்ப்பம். அவன் அடிக்கவில்லை.

ஆறு வாழ்த்துகள் முடிந்தன. ரமாஸ் எழுந்தார், கையில் மண்கிண்ணம். ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரொட்டியில் சொட்டு ஊற்றிவிட்டு ஆரம்பித்தார். பனி மூடிய காக்கேசிய மலை வந்தது. மலைக்கு மேலே ஒரு கழுகு வந்தது. அலஸானி ஆறு வந்து, அதன் கரையில் முதல் திராட்சைக் கொடியை நட்ட பாட்டன் வந்து, அந்தப் பாட்டனின் வாள் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எதுவும் புரியாமல் பக்தியோடு புன்னகைத்தார்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இவர் மலையிலிருந்து இறங்கவே மாட்டார் என்று ஸாஸாவுக்குத் தோன்றியது.

நான்காவது நிமிடத்தில் ரமாஸ் இறங்கினார். வானம் கல்லாய்ப் பொழிந்த வருடத்தில் இந்த வீட்டின் வெள்ளி, வீட்டுக்காரன் கையாலேயே வாசல் தாண்டிப் போனது, அப்பா, என்றார். நேற்றுவரை இந்த மேஜையில் மின்னியது அதன் நிழல்தான். நிழலைச் சுற்றியிருந்த செந்துணியை இதே கை ஒரு குற்றமற்ற கூட்டுக்குள் மறைத்து வைத்தது. இந்தப் பெண்ணின் கைகள் மலைப்பனியைவிடத் தூய்மையானவை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அப்பா, அதனால் சொல்லிவிட்டேன். இதற்குப் பிறகும் கழுகு ஒரு தடவை வந்துவிட்டுப் போனது.

மொழி தெரிந்தவர்கள் யாரும் அசையவில்லை. பஸ் பக்கமிருந்து மாமுக்கா எழுந்து வந்து நின்றான். ரமாஸ் கிண்ணத்தைக் காலி செய்தார், கண்ணைத் துடைத்தார், உட்கார்ந்தார்.

பதினோரு வெளிநாட்டு முகங்களும் தேயாவின் பக்கம் திரும்பின. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், முதுகை நிமிர்த்தி, தெளிவான ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னாள்.

"வெள்ளி அகப்பைய இவரே வித்துட்டாரு. துணிய என் பையில வச்சதும் இவரேதான்."

மேஜையில் யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். ரமாஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பேசிய மனிதருக்கு அது பெரிய வலியாக இருந்திருக்க வேண்டும்.

"அவ்வளவுதானா சொன்னே?"

"அவ்வளவுதான் மாமா," என்றாள் தேயா. "மத்ததெல்லாம் மலையும் கழுகும்தான்."